தலைமாட்டு வெளிச்சம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அருங்காட்சியகப் பொருள்களை ஸ்கேன் செய்யும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள். பொருளைச் சுற்றிக் கையடக்கக் கருவி ஒன்றை ஆட்டினால் போதுமாம், கணினியில் அது எல்லாப் பக்கமும் சுழன்று காட்டுமாம். நல்லது. "உங்க காலத்துல உங்ககிட்ட இருந்ததுலயே முக்கியமான கருவி எதுங்க மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். "எட்டு முழ வேட்டி" என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு, இதையெல்லாம் ஒரு தடவை எழுதிவிடலாமே என்று தோன்றியது. அடக்கமாக எழுத எனக்கு வராது. அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன்.

என் பெயர் அமலோற்பவம். நல்லூர்ப் பக்கம் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். பீங்கான் தொழில் படித்து, விருத்தாசலத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். களிமண் சலித்தது, கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சைக் கலக்கியது, சூளைக்குக் காவல் இருந்தது என்று பல வருடங்கள் போயின. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், நிலையத்தை ஒட்டியிருந்த எங்கள் சிறிய அருங்காட்சியகத்தின் பொருள்களை எல்லாம் படமெடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. நிலையத்தில் கணினியைத் தொடப் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான். சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது ஒருங்கிணைப்பாளர் ஆகியிருந்தேன். பெயர்தான் பெரிது. போட்டோக்காரரை வரவழைப்பது, பொருளைத் தூக்குவது, விவரம் தட்டுவது, சிடியில் பதிந்து சென்னைக்கு அனுப்புவது, கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரரோடு சண்டை போடுவது, எல்லாம் சேர்ந்ததுதான் ஒருங்கிணைப்பு.

எனக்கு மேலதிகாரி வைத்தியலிங்கம் சார். அருங்காட்சியகத் துறையிலேயே தலை நரைத்தவர். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேசை டிராயரில் போடுவார். சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்து வைப்பார். குனியும்போது பேனா விழுந்து ஒரு ஜாடியின் வாய் உடைந்ததை எங்கோ பார்த்திருக்கிறாராம். பிறகு கை கழுவித் துடைத்துக்கொண்டு, "வா" என்பார். என்னை இல்லை, பொருளை. இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குவார். யாராவது காதைப் பிடித்துத் தூக்கினால் அன்று முழுக்கப் பேச மாட்டார். ஜாடிக்குக் காது இருப்பது அழகுக்கு என்பது அவர் கட்சி. திட்டத் தெரியாது, பாராட்டவும் தெரியாது. வேலை சரியாக இருந்தால் "அடுத்தது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நான் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அவர் வைத்த விதிகள் சில. பொருள் மேசைமேல் இருந்தால்தான் அதன் விவரத்தைத் தட்ட வேண்டும். படத்தைப் பார்த்துத் தட்டக் கூடாது, ஞாபகத்திலிருந்தும் கூடாது. சிடி பதிந்தால் பதிந்த கணினியில் திறந்து பார்த்துவிட்டு "ஆச்சு" என்று சொல்லக் கூடாது. வேறொரு கணினியில் திறந்து காட்ட வேண்டும். எங்களிடம் வேறு கணினி ஏது? நான் சிடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து இன்டர்நெட் சென்டருக்கு நடப்பேன். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து இடம் விடுவார்கள். இன்னொரு விதி, படம் எடுக்கும்போது வெளிச்சம் எப்போதும் தலைமாட்டிலிருந்துதான் விழ வேண்டும். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் எடுத்தவர் பாபு. ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவர். டிஜிட்டல் கேமரா அப்போது அவரிடம்தான் இருந்தது. முதல் நாளே முறைத்துக்கொண்டார்.

"பொணத்துக்கு வெளக்கு வெக்கிற மாதிரி எல்லாத்துக்கும் தலைமாட்டுலயேவா மேடம்? கீழேர்ந்து லைட்ட அடிச்சா எப்டி எஃபெக்டா இருக்கும் தெரியுமா!"

"எஃபெக்ட்டெல்லாம் மாப்ள பொண்ணுக்கு வெச்சுக்கங்க பாபு. ஜாடிக்கு வேணாம்."

பெரிய தொல்லை கிளேஸ்தான். பளபளவென்ற பரப்பில் அறை முழுவதும் தெரியும். முதல் வாரம் எடுத்த ஊறுகாய் ஜாடி ஒவ்வொன்றின் வயிற்றிலும் பாபு சிவப்புச் சட்டையோடு நின்றிருந்தார். கறுப்புச் சட்டை போடச் சொன்னேன். கறுப்புப் பாபு தெரிந்தார். கடைசியில் என் வீட்டுக்காரரின் வேட்டியைக் கொண்டுபோய், மூங்கில் நட்டுக் கூடாரம்போல் கட்டி, பொருளை உள்ளே வைத்து, வெளியிலிருந்து விளக்கைப் போட்டோம். கேமரா நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். அவ்வளவுதான், பளபளப்பு அடங்கி, ஜாடி ஜாடியாக நின்றது. வைத்தியலிங்கம் சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அடுத்தது" என்றார். வேட்டி போனதற்கு வீட்டில் ஒரு மாதம் பேச்சு வாங்கினேன்.

இப்படி ஹாலில் இருந்த ஜாடி, பீங்கான் பொம்மை, மின்கம்பத்து இன்சுலேட்டர் எல்லாம் முடிந்தன. மிச்சம் இருந்தது பின்பக்கத்து அச்சு அறை. அந்தச் சமயத்தில்தான் சார் ஓய்வு பெற்றார்.

அச்சு அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீங்கான் பொம்மையைக் கையால் பிடிப்பதில்லை. பிளாஸ்டரில் குழிவான அச்சு செய்து, அதில் கரைத்த களிமண்ணை ஊற்றி எடுப்பார்கள். பிளாஸ்டர் அச்சு ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி விளிம்பு மழுங்கிவிடும், ஒரு சீசனுக்கு மேல் தாங்காது. அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம். நிலையத்தில் படித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் யூனிட் போட்டவர்கள், சீசனுக்கு முன்னால் வந்து, இங்கிருக்கும் முதல் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி மாதிரி ஒன்று எடுத்து, அதன்மேல் புது அச்சு எடுத்துக்கொண்டு போவார்கள். தேய்ந்த பழைய அச்சை உடைத்துப் போட்டுவிடுவார்கள். முதல் அச்சு மட்டும் நிலையத்து வாசலைத் தாண்டாது.

தெரசா அப்படி வருகிறவள். இரண்டு நாத்தனார்களோடு சேர்ந்து சின்ன யூனிட் வைத்திருந்தாள். அவர்கள் செய்தது கிறிஸ்துமஸ் குடில் செட். மாதா, அவர் கணவர் சூசையப்பர், குழந்தை இயேசு, இடையர்கள், மாடு, கழுதை, மேலே தொங்கும் சம்மனசு. வானதூதரை எங்கள் வீடுகளில் சம்மனசு என்றுதான் சொல்லுவோம். மொத்தத்தையும் பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வார். அந்த மூன்று குடும்பங்களுக்கும் வருடத்தின் வரும்படி அதுதான். ஒரு வருடம் செட் போகாவிட்டால் அவர் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வார். இது தெரசாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சாருக்கு அடுத்து வந்தவர் பார்த்திபன். முப்பது வயது இருக்கும், சென்னைக்காரர். நல்ல பிள்ளை, வேகமான பிள்ளை. தூசி மட்டும் ஆகாது, மூக்கு அடைத்துக்கொள்ளும், அதனால் அச்சு அறைப் பக்கமே வந்ததில்லை. நான் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த வாரம், அச்சுகளைப் படமெடுத்து முடிக்கும்படி பாபுவிடம் சொல்லிவிட்டார். கரண்ட் இல்லை. பாபு அச்சுகளைத் தரையில் பரப்பி, திறந்த கதவு வழியே வந்த வெளிச்சத்திலேயே எடுத்துத் தள்ளிவிட்டார். படங்கள் நேராகச் சென்னைக்குப் போயின. விவரம் தட்டும் வேலையை அங்கே ஒரு தனியார் கம்பெனியிடம் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பொருள் இல்லை, படம்தான் இருந்தது.

பிறகு சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆடி மாதம் ஒரு காலை, நான் இருக்கையில் உட்காரக்கூட இல்லை, தெரசா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, எங்க மாதா டிராக்டர்ல போறாங்கக்கா! அச்சு ரூமையே வாரி ஏத்துறாங்க. என்னா ஏதுன்னு கேட்டா ஆர்டருன்றாங்க!"

"எத்தினி லோடு போச்சு?"

"ஒண்ணு பூட்டுது. பின்னால பள்ளத்துல கொட்டிட்டு வந்து இப்ப ரெண்டாவது ஏத்துறாங்க."

"நீ போயி டிராக்டர் முன்னால நில்லு. நான் வர்ற வரைக்கும் நகராத."

"நிக்கிறது என்னா, மேலயே ஏறி ஒக்காந்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கதவைத் தட்டாமல் பார்த்திபன் அறைக்குள் போனேன். அவர் பதறவில்லை.

"மேடம், அந்த ரூம் கம்ப்யூட்டர் ரூம் ஆகப் போகுது. அங்க இருக்கிறது எல்லாம் ஹால்ல இருக்கிற பொம்மைங்களோட டூப்ளிகேட்தானே? பிளாஸ்டர்ல செஞ்ச புடைப்புப் பலகைங்க. ஒரிஜினல் ஹால்ல இருக்கு, படமும் எடுத்தாச்சு. சென்னையிலதான் கழிச்சிடலாம்னு சொன்னாங்க."

"சார், அது பலகை இல்ல. அச்சு. குழி சார், குழி!"

"குழியா? நீங்களே பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். மாதா. சத்தியமாகச் சொல்கிறேன், புடைத்துக்கொண்டுதான் இருந்தார். மூக்கும் முக்காடும் வெளியே துருத்திக்கொண்டு, விரல் வைத்தால் இடிக்கும்போல் தெரிந்தது. எத்தனையோ முறை என் கையால் தூக்கித் தூசி தட்டி வைத்த அச்சு அது. உள்ளே குழி என்று என் கைக்குத் தெரியும், ஆனால் கண் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே சென்னைக் கம்பெனி தட்டிய விவரம் இருந்தது: 'சுவரில் மாட்ட நான்கு மூலையிலும் துளைகள் உள்ளன.' அவை துளைகள் இல்லை. அச்சின் இரண்டு பாதிகளும் நகராமல் பூட்டிக்கொள்ள வைத்த குமிழ்கள். குழி மேடாகத் தெரிந்த இடத்தில் மேடு குழியாகத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தப் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். கால்மாட்டிலிருந்து. பாபு அச்சுகளின் தலையைச் சுவர்ப் பக்கமும் காலைக் கதவுப் பக்கமும் வைத்திருக்கிறார். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்பது நம் கண்ணின் பழக்கம். சூரியனும் விளக்கும் மேலேதானே இருக்கின்றன? கீழேயிருந்து வெளிச்சம் விழுந்த குழியை, மேலேயிருந்து வெளிச்சம் விழுந்த மேடு என்று அது எடுத்துக்கொள்கிறது. வைத்தியலிங்கம் சார் ஏன் தலைமாடு தலைமாடு என்று உயிரை வாங்கினார் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"சார், முகத்த விடுங்க. முகம்னா கண்ணு எப்படியும் ஏமாறும். சம்மனசு படத்த எடுங்க. இறக்கைய மட்டும் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினார். இறகுகள் ஒவ்வொன்றும் தடித்துப் புடைத்து நின்றன.

"இப்ப படத்த அப்படியே தலைகீழா திருப்புங்க."

திருப்பினார். இறக்கை அப்படியே உள்ளே போய்விட்டது. களிமண்ணில் இறக்கையை அமுக்கி எடுத்த தடம் மாதிரி, முழுக்கக் குழி.

"என்னது இது!" என்றார். மறுபடி திருப்பினார், மேடு. மறுபடி, குழி. நாலைந்து தடவை திருப்பிக்கொண்டே இருந்தார். ஃபைல் கொடுக்க வந்த கிளார்க்கும் நின்று பார்த்தார். பிறகு பார்த்திபன் எழுந்து, கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, அச்சு அறைக்கு நடந்தார். வாசலில் டிராக்டர் பெட்டியில் தெரசா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு, "இந்தம்மா எறங்க மாட்டேங்குதுங்க" என்றார். பார்த்திபன் பெட்டியில் கிடந்த சம்மனசு அச்சின் இறக்கைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று.

"பள்ளம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நிலையத்துக்குப் பின்னால், உடைந்த பீங்கானைக் கொட்டும் பள்ளம். பார்த்திபன் தும்மிக்கொண்டே இறங்கினார். நாங்களும் இறங்கினோம். மாதா முழுசாகக் கிடைத்தார். சூசையப்பர் அச்சு இரண்டாகப் பிளந்திருந்தது, கயிறு கட்டி ஒட்டிக்கொள்ளலாம். மாடு, கழுதை, இடையர்கள் விளிம்பு உடைந்ததோடு தப்பினார்கள். குழந்தையின் அச்சு சின்னது. அது அடியில் போய், மேலே விழுந்த கனத்தில் மாவாகிவிட்டது. ஒரு கால் கட்டை விரலின் தடம் இருந்த துண்டு மட்டும் தெரசா கையில் அகப்பட்டது.

"போட்டோ இருக்குதேக்கா. அதுலேர்ந்து எடுக்க முடியாதா?" என்று கேட்டாள்.

படம் எடுத்துவிட்டால் பொருள் எங்கும் போகாது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தவள் நான். முடியாது என்று தலையை ஆட்டினேன். பார்த்திபன், "நடந்ததை நான் என் பேர்ல மேலே எழுதுறேன் மேடம். முதல்ல இவங்க வேலைக்கு வழி பாருங்க" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை ஒரு வாரம் வைத்திருந்தேன்.

வழி என்ன? சுட்ட குழந்தை ஒன்று கிடைத்தால் அதன்மேல் அச்செடுக்கலாம். ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த செட்டில் குழந்தை எப்போதோ காணாமல் போயிருந்தது. சட்டைப் பையில் அடங்குகிற அளவுதானே. தெரசா வீட்டில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் விற்பனைக்குப் போய்விடும். பங்குச் சாமியார் மாதா கோயில் குடிலில் வைக்கும் குழந்தையைக் காட்டினார். வருடா வருடம் ஜனங்கள் முத்தமிட்டு முத்தி செய்ய, வருடா வருடம் மேலே மேலே பெயின்ட் அடித்து, மூக்கு எது கன்னம் எது என்று தெரியவில்லை. அப்போது தெரசாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு கண்காட்சியில், ஸ்ரீமுஷ்ணத்துக் கோயில் குடும்பத்து அம்மா ஒருவர், செட்டு வேண்டாம், குழந்தை மட்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிப் போனாராம்.

இருவரும் பஸ் ஏறினோம். வீட்டைக் கண்டுபிடித்தோம். அந்த அம்மா பீரோவைத் திறந்து, பழைய பட்டுத்துணியில் சுற்றியிருந்த குழந்தையை எடுத்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு, தலையில் நூலால் கட்டிய மயிலிறகுத் துண்டு. கொலுவில் இந்தக் குழந்தைதான் கண்ணன்.

"நீலம் பூசலாம்னாங்க. இந்த வெள்ளை முகத்து மேல பூச எனக்கு மனசு வரலீங்க" என்றார்.

பூசாதது எங்கள் அதிர்ஷ்டம். மூக்கு, இமை, விரல் எல்லாம் நேற்று சூளையிலிருந்து எடுத்ததுபோல் இருந்தன. விஷயத்தைச் சொன்னோம். அவர் தெரசாவையே பார்த்தார்.

"கொலுவுக்கு முன்னாடி வந்துடணும். கண்ணன் இல்லாம நான் படி கட்ட மாட்டேன்."

"எங்க மாதா மேல சத்தியம்மா" என்றாள் தெரசா.

"நம்ம ரெண்டு பேருக்கும் புள்ளதானே, எடுத்துட்டுப் போங்க" என்று பொட்டைத் துடைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் தெரசா அதை மடியிலிருந்து இறக்கவில்லை. கண்டக்டர் உட்பட யாராலும் அவளை உரசிப் போகக்கூட முடியவில்லை.

இங்கே இன்னொரு சிக்கல் இருந்தது, அது எங்கள் இருவருக்கும் முதலிலேயே தெரியும். களிமண் சுடும்போது சுருங்கும். சுட்டுச் சுருங்கிய பொம்மையின்மேல் அச்செடுத்து, அதில் வார்த்துச் சுட்டால், அந்தப் பிள்ளை இன்னொரு தடவை சுருங்கும். மாதாவும் சூசையப்பரும் பழைய அளவில் இருப்பார்கள், குழந்தை மட்டும் சிறுத்துவிடும். மண் கூட்டிப் பெரிசாக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கூட்டினால் அந்த முகம் இருக்காது. தெரசா ஒத்துக்கொள்ளவில்லை, நானும்தான். ஒட்டாமலிருக்கச் சோப்புக் கரைசல் தடவி, அவளே பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்தாள். கண்ணன் கீறல் இல்லாமல் ஸ்ரீமுஷ்ணம் திரும்பினார். முதல் குழந்தை சூளையிலிருந்து வந்ததும் மாதா முன்னால் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

"செட்டு சேரலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா எங்க கதை அவ்ளோதாங்க்கா" என்றாள். எனக்கும் அதே பயம்தான். ஆனாலும், "சரக்கப் போடு. வர்ற அன்னிக்கு நான் வந்து பேசிக்கிறேன்" என்றேன். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது.

பாண்டிச்சேரிக்காரர் வேனோடு வந்தார். பேச நான் போயிருந்தேன். அவர் பேச விட்டால்தானே? பார்த்திபனும் கைக்குட்டையோடு வந்து ஓரமாக நின்றார். கடைக்காரர் ஒரு செட்டைப் பிரித்து, அங்கிருந்த பலகைமேல் வரிசையாக வைத்தார். சூசையப்பர், மாதா, மாடு, கழுதை. கடைசியில் குழந்தையைக் கையிலெடுத்தார். மாதா முன்னால் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். குனிந்து பார்த்தார்.

"சின்னதா இருக்குதே?"

தெரசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"இத்தினி வருசமா உங்க செட்டுல எனக்கு ஒண்ணு உறுத்திட்டே இருந்துதுங்க. என்னான்னு சொல்லத் தெரியல. அந்தப் புள்ளைக்கு ஒரு ரெண்டு வயசு இருக்கும். எறங்கி ஓடிடும் போல இருக்கும். இந்த வருசந்தாங்க பொறந்திருக்குது."

செட்டைத் தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து ஆர்டர் சொன்னார். தெரசா அங்கேயே, களிமண் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பார்த்திபன் தும்மலை அடக்கிக்கொண்டு, "மேடம், இந்தக் குழந்தை ஒண்ணு நம்ம ஹாலுக்கும் வேணும். நானே வாங்கிக்கிறேன்" என்றார். தெரசா காசு வாங்க மாட்டேன் என்றாள். அவர் கொடுத்தே தீருவேன் என்றார். வேன் கிளம்பிய பிறகும் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது.